காலையில் சிறை, மதியம் தானியக் கிடங்கு

வாழும் வரலாற்றுப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக அனுமதி கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பள்ளிக்கூடங்கள் போன வருஷமே எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கும். அனுமதி வந்த அன்று தலைமையாசிரியர் அதை ஒலிபெருக்கியில் அறிவித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஐந்தாம் வகுப்பு டீச்சருக்குக் கண் கலங்கியே விட்டது. பூங்கா விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: வகுப்போடு ஒரு பெற்றோரும் துணைக்கு வர வேண்டும். மற்ற பெற்றோர் எல்லோருக்கும் அன்றைக்குப் பார்த்து ஏதாவது ஒரு வேலை இருந்தது. கடைசியில் அகப்பட்டவர், ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

வலியோடு வருகிறவர்களிடம் "ஒரு அஞ்சு நிமிஷம் உட்காருங்க" என்று சொல்வது அவருடைய வேலை. அவர் குரல் அப்படி. வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். யாரிடமும் சத்தம் போட்டுப் பேசி அறியாதவர். ஹோட்டலில் அடுத்த மேஜைக்காரருக்கு வந்ததைத் தவறுதலாகத் தன் முன்னால் வைத்துவிட்டுப் போனால், அதையே சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிற ரகம்.

மகள் அதற்கு நேர்மாறு. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். "சீக்கிரம் தூங்கு" என்றால் "எதுக்கு?" என்பாள். எதுக்கென்று சொன்னால் "அப்ப நேத்து மட்டும் ஏன் டிவி பார்க்க விட்டீங்க?" என்பாள். அம்மா அலுத்துப்போய் வைத்த பெயர் பள்ளிக்கூடத்திலும் ஒட்டிக்கொண்டது. வக்கீலுக்கு எல்லாம் பிடிக்கும், தூசியைத் தவிர. அவளுக்கு இழுப்பு உண்டு.

கிளம்பும்போது மனைவி வாசலில் மறித்துக்கொண்டாள்.

"இன்ஹேலர் எங்க?"

"அவ பைல இருக்கு."

"பைல இருந்து யாருக்குப் பிரயோசனம்? அந்தப் பையை எங்கயாவது போட்டுட்டு ஓடுவா. உங்க பாக்கெட்ல வைங்க."

அவர் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துத் தட்டிக் காட்டினார்.

பூங்காவின் வாசலில் ஒரு மரக் கூண்டு. அதற்குள் கணுக்கால்வரை தொங்கும் அங்கியோடு ஒருவர் நின்றார். காலக் காவலர் என்று நெஞ்சில் துணியில் தைத்திருந்தது.

"இந்த வாசலைத் தாண்டினா இருநூறு வருஷம் பின்னாடி போறீங்க," என்றார், தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில். "அந்தக் காலத்துல இல்லாத எதுவும் உள்ளே வரக் கூடாது. போன், வாட்ச், பிளாஸ்டிக் பாட்டில், சூயிங்கம் எல்லாத்தையும் தட்டுல வைங்க."

பிள்ளைகள் வைத்தார்கள். டீச்சர் தன் போனை அணைத்து, கோயிலுக்குள் செருப்பைக் கழற்றுகிற பவ்யத்தோடு வைத்தார்.

"அது என்னங்க பாக்கெட்ல?"

"இன்ஹேலருங்க. பாப்பாவுக்கு இழுப்பு."

"தட்டுல வைங்க."

"இது மருந்துங்க."

"தெரியுது. இழுப்பு அந்தக் காலத்துலயும் இருந்தது. அதுல எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. பாப்பா தாராளமா உள்ளே போகலாம். மருந்துதான் அப்ப கண்டுபிடிக்கலை."

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "சார், ப்ளீஸ். மதியம் வரைக்கும்தானே. ஒருத்தரால மொத்த வகுப்பும் வாசலோட திரும்பிப் போகணுமா? ஒரு வருஷமா காத்திருந்து வந்திருக்கோம்."

மொத்த வகுப்பும் அவரையே பார்த்தது. வக்கீல்கூட, "பரவாயில்லப்பா, குடுத்திடுங்க," என்றாள். அவர் யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டே இன்ஹேலரைத் தட்டில் வைத்தார். காலக் காவலர் அதை எடுத்துப் பின்னாலிருந்த அலமாரியில் சூயிங்கம் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

உள்ளே கல் பாவிய ஒரு தெரு. இரண்டு பக்கமும் தாழ்ந்த கூரை வீடுகள். கொல்லன் பட்டறையிலிருந்து புகை வந்தது. அவர் மகளின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தபடியே நடந்தார். ஒவ்வொரு முறை அவள் மூக்கை உறிஞ்சும்போதும் அவருக்குத் திக்கென்றது.

முதலில் ரொட்டிக் கடை. தலையில் துணி கட்டிய ஒரு பெண் இரண்டு கையையும் விரித்து வரவேற்றாள்.

"வருக, சிறார்களே! விடியுமுன் எழுந்து, விறகு பிளந்து, தீ மூட்டி, யாம் சுட்ட ரொட்டியைக் காண்பீராக!"

பிள்ளைகள் கண்டார்கள். வக்கீல் குனிந்து அடுப்புக்குப் பின்னால் கண்டாள்.

"ஆன்ட்டி, பின்னால ஒயர் போகுதே."

"ஒயர் என்றால் யாது, மகளே?"

"கரண்ட் ஒயர். பிளக்கு சொருகியிருக்கு. சிவப்பு லைட் எரியுது பாருங்க."

ரொட்டிக்காரி அகப்பையை எடுத்து ஒரு பித்தளைத் தட்டில் ஓங்கி அடித்தாள். அதற்காகவே காத்திருந்தவர்கள்போல, ஈட்டி பிடித்த இருவர் உள்ளே நுழைந்து வக்கீலின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"இல்லாததை இருப்பதாகச் சொல்லி ஊரைக் கலக்கினாள் இந்தச் சிறுமி," என்றாள் ரொட்டிக்காரி.

"பார்த்தீங்களா சார், எவ்வளவு தத்ரூபம்!" என்று டீச்சர் அவர் காதருகே சொன்னார்.

நீதிமன்றம் எதிர் வீட்டில் இருந்தது. கறுப்பு அங்கி போட்ட நீதிபதி உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏறுவதற்கு ஒரு சின்ன ஏணி. இறங்குவது கஷ்டம் என்பதால் அவர் யாருக்காகவும் இறங்குவதில்லை.

"அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொன்னாயா?"

"இருக்குது சார். வாங்க, காட்டறேன்."

"நீதிமன்றம் எங்கும் வராது. வந்து கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு நாங்கள் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது?" அவர் சபையைப் பார்த்தார். "இவளுக்காக வாதாட எவரேனும் உண்டோ?"

"அவளே வக்கீல்தான் சார்!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்த, வகுப்பு முழுவதும் சிரித்தது. நீதிபதி மேஜையைத் தட்டினார். ஏற்கெனவே இருந்த குற்றத்தோடு மன்றத்தை அவமதித்த குற்றமும் சேர்ந்துகொண்டது. தண்டனை, அரை நாழிகை இருட்டறை.

அப்பா, வகுப்பில் பையன் கை தூக்குவதுபோல் கையைத் தூக்கினார். "ஐயா, ஒரு சின்ன விஷயம். அவளுக்குத் தூசி ஆகாது."

"நீர் யார்?"

"அவளோட அப்பாங்க."

"குற்றவாளியின் தந்தைக்கு மன்றத்தில் பேசும் உரிமை இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்துத்தான் வரும். அதுவரை பொறுத்திரும்."

எல்லோரும் கைதட்டினார்கள். வக்கீல் முகத்தில் பெருமை தாங்கவில்லை. வகுப்பில் வேறு யாருக்கும் கிடைக்காத தண்டனை.

சிறை, தெருவின் கடைசியில் தனியாக நின்ற ஒரு கல் அறை. தரை முழுக்க வைக்கோல். அதுவும் அந்தக் காலத்திலேயே போட்டதோ என்று தோன்றுகிற வைக்கோல்; அவள் கால் வைத்ததுமே புழுதி எழும்பியது. வாசல் பக்கச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே கை நுழைகிற அளவில் ஒரு ஜன்னல். இரும்புக் கதவு. அந்தத் தெருவில் ரொட்டி போலி, அடுப்பு போலி, கொல்லனின் தாடி போலி. பூட்டு மட்டும் அசல்.

மீசைக்காரச் சிறைக் காவலர் பூட்டிவிட்டு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் பிள்ளைகளை அடுத்திருந்த நெசவுக் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போனார். "நீங்க இங்கயே இருங்க சார். துணைக்குத்தானே வந்திருக்கீங்க."

அவர் கதவோரமாக நின்றார். கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து பாட்டு வந்தது. பிறகு ஒரு இருமல்.

அவளுடைய இருமல்கள் அவருக்குப் பாடம். பள்ளிக்குப் போகாமல் இருப்பதற்கான இருமல் வேறு. சளி இருமல் வேறு. இது மூன்றாவது வகை. காய்ந்த இருமல், நாற்காலியைச் சிமெண்டுத் தரையில் இழுக்கிற மாதிரி.

"சார், கதவைத் திறங்க. அவளுக்கு ஆரம்பிச்சிடுச்சு."

"தண்டனை முடியவில்லை."

"புரியுதுங்க. விளையாட்டு நல்லா இருந்தது. இப்பத் திறங்க."

"விளையாட்டா?" காவலர் உண்மையிலேயே புண்பட்டுப்போனார். "பதினோரு வருஷமா இந்த முக்காலியில உட்கார்ந்திருக்கேன். ஒருத்தர்கூட என்னைப் பார்த்து விளையாட்டுன்னு சொன்னதில்லை." கோபத்தில் தன் பழங்காலத் தமிழை மறந்துவிட்டதை உணர்ந்து, "அப்பால் நில்லும்!" என்று சேர்த்துக்கொண்டார்.

அப்போது தெரு நடுவிலிருந்த கோபுரத்தில் மணி அடித்தது. காவலர் எழுந்தார். ஈட்டியை ஆணியில் மாட்டினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை வளைந்து சோம்பல் முறித்தார். பிறகு, வேலிக்குள் இருந்த பணியாளர் வழி என்ற கதவைத் திறந்துகொண்டு சாவிக்கொத்து குலுங்கக் குலுங்கச் சாப்பிடப் போய்விட்டார்.

"சார்! சாவி! சார்!"

ஏணியோடு இரண்டு பேர் வந்தார்கள். கதவுக்கு மேலிருந்த சிறைக்கூடம் என்ற பலகையைத் திருப்பி மாட்டினார்கள். மறுபக்கத்தில் தானியக் கிடங்கு என்று இருந்தது. ஒல்லியான ஒருவர் வந்து கதவின் முன்னால் இரண்டு மூட்டையை அடுக்கி, ஒன்றின் மேல் உட்கார்ந்தார். தெருவில் முப்பது வருஷம் கடந்துவிட்டது.

"உள்ளே என் பொண்ணு இருக்கா," என்றார் அப்பா.

"இது கிடங்கு ஐயா. உள்ளே கோதுமை இருக்கிறது," என்றார் ஒல்லிக்காரர்.

"காலையில பூட்டினாங்க!"

"முன்னொரு காலத்தில் இது சிறையாக இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கைதிகள் எல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்."

உள்ளே மறுபடி இருமல். "அப்... பா..."

ஒல்லிக்காரர் நெளிந்தார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எலி," என்றார்.

அப்பா கதவில் வாயை வைத்தார். "கண்ணு, படுக்காத. நிமிர்ந்து உட்காரு. மெதுவா மூச்சு விடு. அப்பா இங்கதான் இருக்கேன்."

"தூசி... ப்பா... ரொம்ப..." சொற்களுக்கு நடுவில் மூச்சு விசிலடித்தது. எதிர்க்கேள்வி கேட்காமல் அவள் பேசி அவர் அன்றைக்குத்தான் கேட்டார்.

ஒல்லிக்காரர் சட்டென்று கழுத்துப் பட்டியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "சார், இங்க மைக் வெச்சிருக்காங்க," என்று கிசுகிசுத்தார். "போன மாசம் ஒரு அம்மா மயங்கி விழுந்தாங்க. பதறிப்போய் 'ஆம்புலன்ஸ்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அந்தக் காலத்துல இல்லாத வார்த்தையாம். இன்னொரு தடவை வாய் தவறினா வேலை போயிடும். எனக்கும் வீட்ல ரெண்டு இருக்கு சார். சாவி அந்த மீசைக்காரன்கிட்ட. அவன் அடுத்த மணிக்குத்தான் இந்தப் பக்கம் வருவான். டைரக்டரைப் பாருங்க, ஓடுங்க." கையை எடுத்துவிட்டு உரக்கச் சொன்னார்: "இவ்வாண்டு எலித்தொல்லை மிகுதி ஐயா!"

அவர் ஓடினார். ஆஸ்பத்திரி மேஜைக்கும் வீட்டுக்கும் நடுவில் பஸ்ஸுக்காகக்கூட ஓடாத மனிதர், கல் தெருவில் செருப்பு ஒன்றை விட்டுவிட்டு ஓடினார்.

டைரக்டரின் அலுவலகம் வாசலை ஒட்டி இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, தோல் சோபா. உள்ளே வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒரு இளைஞன் இனிமையான குரலில், "ஒரு அஞ்சு நிமிஷம் உட்காருங்க சார்," என்றான். அந்த அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டார்.

டைரக்டர் கோபப்படவில்லை. தண்ணீர் தம்ளரை நகர்த்தி வைத்தார்.

"என் பொண்ணு ஜெயில்ல மாட்டிக்கிட்டா. மூச்சு விட முடியலை. சாவியை எடுத்துட்டு உங்க ஆள் போயிட்டார்."

"எந்த ஜெயில்?"

"உங்க ஜெயில் சார்!"

டைரக்டர் சுவரிலிருந்த கால அட்டவணையை அண்ணாந்து பார்த்தார். "இப்ப ஜெயிலே கிடையாதே. மதியத்துக்கு மேல கிடங்குதானே? நீங்க காலையில நடந்ததைச் சொல்றீங்க. அது முடிஞ்சுபோன விஷயம்."

"முடியலை சார், அவ உள்ளேதான் இருக்கா!"

"உங்க உணர்ச்சி எனக்குப் புரியுது. வர்றவங்க இப்படி உணர்ச்சிவசப்படணும்னுதான் இந்த இடத்தையே கட்டினோம்." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "யோசிச்சுப் பாருங்க. நாங்க வரலாற்றை நடத்திக் காட்டறோம், மாத்தறதில்லை. இன்னைக்கு உங்களுக்காக ஒரு கைதியைத் திறந்துவிட்டா நாளைக்கு எல்லா அப்பாவும் வந்து நிப்பாங்க. அப்புறம் வரலாற்றுல யாருமே கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க. பிள்ளைங்க எதைப் பார்த்துப் படிக்கும்?"

"ஆம்புலன்ஸையாவது கூப்பிடுங்க."

"தாராளமா கூப்பிடலாம். ஆனா அது வாசல் வரைக்கும்தான் வரும். உள்ளே குதிரை வண்டிதான் போகும். குதிரைக்கு இன்னைக்கு ஓய்வு." டைரக்டர் அன்போடு எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "பயப்படாதீங்க. இந்தப் பூங்கா திறந்த நாளிலிருந்து நிகழ்காலத்துல ஒரு குழந்தைக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இதுவரைக்கும் நடந்த எல்லாமே கடந்த காலத்துலதான் நடந்திருக்கு."

இந்த மனிதரிடம் இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் தனக்கும் இது நியாயமாகப் பட ஆரம்பித்துவிடும் என்று அப்பா பயந்தார். தோளைக் குலுக்கி விடுவித்துக்கொண்டு வெளியே வந்தார். மரக் கூண்டுக்குள் எட்டி, அலமாரியிலிருந்து இன்ஹேலரைப் பறித்தார். நான்கைந்து சூயிங்கம் பாக்கெட்டுகள் சிதறின.

"காலப்பிழை! காலப்பிழை போகிறது!" என்று காலக் காவலர் கத்தினார். ஊதல் அந்தக் காலத்தில் இருந்ததா என்று சந்தேகம்போல. கையைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை.

கிடங்குக்கு வந்தபோது உள்ளே இருமல் இல்லை. மூட்டையின் மேல் ஏறி ஜன்னலில் கண் வைத்தார். இருட்டில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெள்ளையாக இரண்டு காலுறைகள் தெரிந்தன.

"கண்ணு! மருந்து கொண்டுவந்துட்டேன். இங்க வா. எழுந்து வா கண்ணு."

காலுறைகள் அசையவில்லை. இருட்டுக்குள்ளிருந்து மெல்லிய ஒரு விசில் மட்டும் வந்தது. உள்ளே, வெளியே, உள்ளே. தூக்கிப் போடலாம். ஆனால் அது வைக்கோலுக்குள் விழுந்துவிட்டால்? அவர் கை ஜன்னலுக்குள் நீண்டபடியே நின்றது. மருந்துக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு அறையின் அகலம்.

ஒல்லிக்காரர் கழுத்தைப் பொத்தினார். "மணியை அடிங்க சார். மணி அடிச்சா எல்லாரும் ஆள் மாறியாகணும். யார் அடிச்சாங்கன்னு இங்க யாரும் பார்க்க மாட்டாங்க." மோவாயால் கோபுரத்தைக் காட்டிவிட்டுக் கையை எடுத்தார். "நல்ல விளைச்சல் ஐயா, நல்ல விளைச்சல்!"

அவர் கோபுரத்துக்கு ஓடிக் கயிற்றில் தொங்கினார். மணி அடித்தது. தெருவில் தறிகள் நின்றன. கொல்லன் சம்மட்டியைப் போட்டான். ஏணிக்காரர்கள் ஓடி வந்து கிடங்குப் பலகையைக் கழற்றினார்கள். ஒல்லிக்காரர் மூட்டைகளை அகற்றிவிட்டு ஒதுங்கினார். மீசைக்காரர் வரவில்லை. புதிய பலகையில் நினைவு மண்டபம் என்று எழுதியிருந்தது. அது சாயங்காலத்துக்கு உரிய காலம்.

காலையில் நீதிபதியாக இருந்தவர் இப்போது வெள்ளை உடையில் மலர்வளையத்தோடு வந்தார். டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். வேறு சில பார்வையாளர்களும் கூடினார்கள்.

"அன்பர்களே," என்று வெள்ளை உடைக்காரர் தழுதழுத்தார். "ஒரு காலத்தில் இந்தக் கதவுக்குப் பின்னால் குழந்தைகள் அடைக்கப்பட்டார்கள். காற்றில்லாமல் துடித்தார்கள். கதவுக்கு வெளியே மனிதர்கள் நின்றிருந்தார்கள். ஆனால் எவரும் திறக்கவில்லை. ஒவ்வொருவரும் அது தன் வேலை இல்லை என்று நினைத்தார்கள். நாம் அவர்களைப்போல் அல்ல என்று இன்று பெருமையோடு சொல்லிக்கொள்வோம்."

"உள்ளே என் பொண்ணு இருக்கா!" அவர் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். தொண்டை கிழிந்தது. "இப்ப இருக்கா! செத்துடுவா! திறங்க!"

வெள்ளை உடைக்காரர் ஒரு கணம் நிறுத்தி, தலையை மெல்ல ஆட்டினார். "இப்படித்தான் அன்று தகப்பன்மார் அலறினார்கள்."

ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ, "சார், கொஞ்சம் அமைதியா இருங்க, மத்தவங்களும் பார்க்கணும்ல," என்றார்கள்.

"இறந்தவர்களுக்காக மௌனம் காப்போம்."

எல்லோரும் தலை குனிந்தார்கள். தெரு முழுவதும் ஓசை அடங்கியது. அந்த அமைதியில் கதவுக்குப் பின்னாலிருந்து விசில் சத்தம் வந்தது. உள்ளே. வெளியே. நீண்ட இடைவெளி. உள்ளே.

"டீச்சர்," என்றாள் வரிசையில் நின்ற ஒரு சிறுமி. வக்கீலோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். "டீச்சர், அது வக்கீலோட சத்தம். பரீட்சை அன்னைக்கு வந்துதே, அதே சத்தம்."

டீச்சரின் முகத்தில் காலையிலிருந்து ஒட்டியிருந்த பரவசம் அப்படியே உதிர்ந்தது. ஓடிப்போய் இரண்டு கையாலும் கதவை அறைந்தார். அப்பா அதற்குள் மறுபடியும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். அடித்தார், அடித்தார், கை எரிந்தது, விடவில்லை.

பலகை மாறியது; சாயங்காலம் முடிந்து மறுபடி காலை. சிறைக்கூடம். பணியாளர் வழிக் கதவைத் தள்ளிக்கொண்டு, வாயில் இன்னும் சோற்றோடு, மீசைக்காரர் ஓடி வந்தார். நடப்பது என்னவென்று அவருக்குப் புரியவில்லை. ஆணியில் மாட்டிய ஈட்டியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து, "கைதியின் தண்டனை—" என்று ஆரம்பித்தார்.

"கதவைத் திற!" என்றார் டீச்சர்.

அது வகுப்பறையின் கடைசி பெஞ்சுவரை போகிற குரல். மீசைக்காரருக்குள் எங்கோ இருந்த ஐந்தாம் வகுப்புப் பையன் நடுங்கிப்போய் மறுபேச்சில்லாமல் திறந்தான்.

வைக்கோலில் அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. அவர் அவளைத் தூக்கி வெளியே கொண்டுவந்து மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தார். ஒரு முறை அழுத்தினார். மருந்து பாதி வெளியே போயிற்று. "இழு கண்ணு. இழு. அப்பா சொன்னா எதுக்குன்னு கேட்பியே, இப்பக் கேளு. இழு." மறுபடி அழுத்தினார். அவள் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. இன்னொரு முறை.

சுற்றி நின்றவர்களில் ஒருவர் கழுத்துப் பட்டியைப் பொத்தாமல், அதற்கு நேராகவே குனிந்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்: "ஆம்புலன்ஸ்! ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கய்யா! ஆம்புலன்ஸ்!" அந்த ஒல்லிக்காரர்தான். காலம் முழுவதும் சேர்த்து வைத்ததைப்போல அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். டீச்சர் வாசலில் விட்டுவந்த தன் போனை எடுக்க ஓடினார்.

விசில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து மூச்சாக மாறியது. வக்கீல் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பேசாத," என்றார்.

"எது... க்கு?" என்றாள்.

அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். ஒல்லிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். டைரக்டர் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இப்போது அவர் முகத்தில் அன்பு இல்லை.

"மணியை அடிச்சது நீங்களா? என்ன காரியம் பண்ணிட்டீங்க தெரியுமா? ஒரே மதியத்துல மூணு காலத்தையும் குழப்பிட்டீங்க. இனி எல்லாத்தையும் காலையிலிருந்து ஆரம்பிக்கணும்."

சொன்னதுபோலவே ஆரம்பித்தும்விட்டார்கள். வாசலில் வேறொரு பள்ளிக்கூடத்தின் வரிசை நின்றது. காலக் காவலர் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். போன்களும் பாட்டில்களும் விழுந்துகொண்டிருந்தன.

அப்பா வரிசைக்கு முன்னால் நின்றார். "போகாதீங்க," என்றார். குரல் கம்மியிருந்தது. "உள்ளே பிள்ளைங்களைப் பூட்டறாங்க. சாவியை எடுத்துட்டுப் போயிடறாங்க. கத்தினாலும் யாரும் திறக்க மாட்டாங்க."

"வெளியே போறவங்க உள்ளே வர்றவங்ககிட்ட எதுவும் சொல்லக் கூடாது," என்று காலக் காவலர் அதட்டினார். "நடக்கப்போறது அவங்களுக்குத் தெரியக் கூடாது. அதுதான் வரலாறு."

வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி பொங்கியது. ஒற்றைச் செருப்பு, தலையெல்லாம் வைக்கோல், ரத்தம் கசியும் கை, தோளில் துவண்ட ஒரு சிறுமி. "உள்ளே போறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க!" என்று ஒரு பையன் குதித்தான். அவர்களுடைய ஆசிரியர் கைதட்ட, எல்லோரும் கைதட்டினார்கள்.

"நான் நடிகன் இல்லைங்க!" அவர் கத்தக் கத்தக் கைதட்டல் கூடியது.

வரிசையின் முனையில், தட்டுக்கு முன்னால், ஒரு பெண் தன் மகனோடு நின்றிருந்தாள். அந்தப் பள்ளியின் சார்பில் துணைக்கு வந்தவளாக இருக்கும். அவள் கையில் சர்க்கரை ஊசி வைக்கிற ஒரு சின்ன நீலப் பை. காவலர் அதற்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவளும் சிரித்துக்கொண்டே கொடுக்கப் போனாள்.

அப்பா கத்துவதை நிறுத்தினார். நேரே அவளிடம் போனார். மகளின் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். நோயாளிகளிடம் பேசுகிற குரலில், மெதுவாக, "இவ உதட்டைப் பாருங்கம்மா," என்றார்.

அவள் பார்த்தாள். சாயமா என்று தெரிந்துகொள்வதுபோல விரலை நீட்டி, அந்த உதட்டைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். அதில் ஒன்றும் ஒட்டவில்லை.

அவளுடைய சிரிப்பு நின்றது. நீலப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் மகனின் மணிக்கட்டைப் பற்றினாள்.

"அம்மா, எங்கம்மா? நம்ம முறைதானே?" என்று அவன் இழுத்தான்.

வெளியே சாலையில் ஆம்புலன்ஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. அவனை இழுத்துக்கொண்டு அவளும், மகளைத் தோளில் சுமந்தபடி அப்பாவும் அந்தப் பக்கமாக வேகமாக நடந்தார்கள்.

"அடுத்தது யாருங்க? முன்னால வாங்க," என்றார் காலக் காவலர். அவளும் மகனும் நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்தவர் நகர்ந்து வந்தார்.